செத்த கணினிகள் கொட்டிய கெட்டிமேளம்

சூரியக் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் செத்துப்போன ஐந்து கணினிகள் ஒன்றுசேர்ந்து கெட்டிமேளம் கொட்டி, அந்த அதிர்ச்சியில் வியாழனின் செம்புள்ளி ஒரு விரற்கடை தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்ட கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். அது வியாழனின் நிலவான எங்கள் கானிமீட்டில் நடந்தது. நிலவுகள் பூராவும் நம்பிய சங்கதி இது. நம்பாதவன் ஒரே ஒருவன். அவனுக்கு உடம்பு கிடையாது. சந்தேகம் மட்டும் உண்டு. அவனைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பெண்ணின் தாய் மயிலாத்தாள் வழக்கம்போல வாசலில் கோலப்பொடியைத் தூவினாள். கானிமீட்டில் ஈர்ப்பு குறைவு. பொடி தரைக்கு வந்து சேரச் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொள்ளும். அது இறங்குவதற்குள் அவள் உள்ளே போய்க் காபி குடித்து, மாவரைக்கும் எந்திரனோடு ஓர் ஆட்டம் தாயம் ஆடித் தோற்று, அதை நாலு திட்டுத் திட்டிவிட்டு வந்து பார்த்தாள். கோலம் ஒரு புள்ளி பிசகாமல் விழுந்திருந்தது. குவிமாடத்துக்கு மேலே வியாழன் பெரிய அண்டாவைக் கவிழ்த்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் தொங்குவதை யார் பார்ப்பார்கள்?

கானிமீட்டில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள். அந்த நிலவின் பனிக்கட்டிக்குக் கீழே ஒரு கடலே கிடக்கிறது, அதை மேலே இறைக்க வேண்டும் என்று தெரிந்ததும், பம்பு செய்கிறவர்களைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வந்தார்கள். வரும்போது பம்பு கொண்டுவந்தார்கள், தேங்காய்ச் சட்னிக்கான விதைத் தென்னையைக் கொண்டுவந்தார்கள், ஆயுத பூஜையையும் கொண்டுவந்தார்கள்.

அங்கே மூச்சுக் காற்றில் ஹீலியம் கலந்திருக்கும். அதனால் எல்லோருக்கும் கோழிக்குஞ்சுக் குரல். காதலும் கீச்சுக்குரலில்தான், கட்சிக்கூட்டமும் கீச்சுக்குரலில்தான். பழகியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நாதஸ்வரம் அந்தக் காற்றுக்குப் பழகவில்லை. முதல் தலைமுறையில் ஒரு வித்துவான் ஊதிப் பார்த்தார். சபையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஆட்டுக்குட்டியைத் தேடினார்கள். அன்றோடு அவர் பம்பு இயக்கும் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பின் விசேஷங்களுக்கெல்லாம் பூமியில் பதிவு செய்த வாசிப்புத்தான். ஒலிப்பெட்டி வழியாக வரும் சத்தத்தை ஹீலியம் ஒன்றும் செய்வதில்லை.

அந்தப் பதிவுகள் எல்லாம் 'இசைப் பேழை'யில் இருந்தன. அந்தக் காலத்தில் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு. ஒரு கணக்குக்கு ஐந்து கருவிகள். அந்த ஐந்தில் மட்டும் பாடும். பக்கத்து வீட்டுக் கணக்கை இரவல் வாங்கினால் இரண்டு வீட்டுக் கணக்கும் முடங்கிவிடும். இதைக் காவல் காக்கத்தான் நான் சொன்ன அந்த உடம்பில்லாதவன். 'பேழைக் காவலன்' என்று பெயர். வீட்டுக்கு வீடு சுவரில் குரல்துளை ஒன்று இருக்கும். கூப்பிட்டால் அதன் வழியே பேசுவான். ஹீலியத்துக்குக் கட்டுப்படாத, அடித்தொண்டைக் குரல். அதனாலேயே ஜனங்களுக்கு அவனிடம் கொஞ்சம் பயம்.

கோலம் விழுந்தாயிற்று. மயிலாத்தாள் கல்யாணக் கூடத்தின் நடுவே, இதற்கென்றே வாங்கிய புது ஒலிப்பானை வைத்தாள். முட்டை வடிவம், முத்துநிறம், வாயால் சொன்னால் போதும், கைபடவே தேவையில்லை. நாதஸ்வரத்தை வை, ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். ஒலிப்பான் பணிவாக மறுத்தது. இந்தக் கணக்கில் ஏற்கெனவே ஐந்து கருவிகள் இருக்கின்றன, தான் ஆறாவது, பழையதில் ஒன்றை நீக்கினால் உடனே பாடுகிறேன் என்றது.

மயிலாத்தாள் கணவன் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பம்பு பழுதுபார்ப்பவர், சாதுவான மனுஷன், எந்தப் பொருளையும் வெளியே எறியாதவர்.

"அந்த அஞ்சுங்களா? அதெல்லாம் செத்து வருஷக்கணக்காச்சே மயிலு," என்றார்.

உண்மைதான். ஐந்தும் செத்த விதம் ஊரறிந்தது. முதலாவது, பனிக்கடல் துளைக்குள் விழுந்து, கட்டியாக உறைந்துபோய் மேலே வந்தது. அதை மாவுக் குண்டான்மேல் பாரமாக வைத்திருந்தார்கள். இரண்டாவதை எரிகல் ஒன்று ஊடுருவிப் போனது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பூண்டுக் கூடைக்கு மூடியாயிற்று. மூன்றாவது ஒரு சீமந்தத்தின்போது சாம்பார் அண்டாவுக்குள் இறங்கி, விருந்து முடியும் வரை வெளியே வரவில்லை. நான்காவதைத் துளையிடும் எந்திரன் ஒன்று ஏதோ நினைப்பில் மென்றுவிட்டது. ஐந்தாவதுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழசு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அதுவே ஒருநாள் பேசுவதை நிறுத்திக்கொண்டது. இப்போது கட்டிலின் நொண்டிக் காலுக்கு முட்டு.

செத்ததை நீக்குவதில் என்ன சிரமம் என்று மயிலாத்தாள் காவலனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். சுவரிலிருந்து பதில் வந்தது.

"அம்மா, உங்கள் ஐந்து கருவிகளும் மிக நலமாக இருக்கின்றன."

"நலமாவா? ஒண்ணோட ஓட்டை வழியாப் பார்த்தா பக்கத்து ஊட்டுல என்ன கொழம்புன்னு தெரியுதுங்க."

காவலன் அசரவில்லை. கருவி உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மைத்துனன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மனிதர்களை அவன் ஏராளமாகப் பார்த்தவன். அதனால் மனிதர் வாக்கை அவன் கணக்கில் எடுப்பதில்லை. சட்டத்தைச் சொன்னான். வருஷத்துக்கு ஒரு கருவி வாங்கிப் பழசைத் தெருவில் வீசிய காலம் ஒன்று இருந்ததாம். அதைத் தடுக்கக் 'கருவி நேயச் சட்டம்' வந்ததாம். அதன்படி ஒவ்வொரு கருவிக்குள்ளும் கடுகளவில் ஒரு 'நேய உணரி' உண்டு. கருவி செத்தாலும் அது சாகாது. தன்னை யாராவது அன்போடு தொட்டால் குறித்து, தானே பேழைக்குச் சொல்லிவிடும். மூன்று ஆண்டுகள் யாருமே தொடவில்லை என்றால் கருவி இறந்ததாகப் பொருள். தானாகவே கணக்கிலிருந்து கழன்றுவிடும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சத்தமில்லாமல் கழன்றுகொண்டிருந்தன.

இவர்கள் வீட்டில் மட்டும் ஏன் கழலவில்லை? காவலனே சொன்னான். ஆண்டுக்கு ஒருநாள் இந்த ஐந்தும் துணியால் துடைக்கப்படுகின்றன. நெற்றி இருக்குமிடம் தெரியாவிட்டாலும் உத்தேசமாகச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுகின்றன. பிறகு ஒருவர் இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பேழையின் எல்லைக்குள் இவ்வளவு உயர்ந்த நேய அளவு வேறெங்கும் பதிவானதில்லை.

மயிலாத்தாள் மெதுவாகத் திரும்பினாள். சென்னியப்பன் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"செத்ததுக்கெல்லாம் எதுக்குங்க பொட்டு வச்சீங்க?"

"ஓடுனதுதானே மயிலு ஒருகாலத்துல. ஆயுத பூஜை அன்னிக்கு அதை மட்டும் ஒதுக்கி வைக்க மனசு வருமா?"

இந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வந்து இறங்கினார். பக்கத்து நிலவான யூரோப்பாவிலிருந்து வந்த தெய்வசிகாமணி. ஆறடி உயரம், அரிவாள் மீசை, அதே கோழிக்குஞ்சுக் குரல். அந்த நிலவுகளில் ஒரு வழக்கம் உண்டு: பந்தல் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, மேளம் பெண் வீட்டார் பொறுப்பு. அவர் பந்தலைப் போட்டு முடித்துவிட்டார்; யூரோப்பாவிலிருந்து வாழைமரமே கொண்டுவந்து கட்டியாயிற்று. மேளம் இல்லை என்ற செய்தி காதில் விழுந்ததும் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"சம்பந்திங்க, கோவிச்சுக்காதீங்கொ. எங்க வம்சத்துல மேளமில்லாமத் தாலி ஏறுனதில்லீங்க. நாளைக்கு மேளம் இல்லீன்னா, பையன் தாலியப் பையிலயே போட்டுட்டுக் கப்பலேறிருவான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. மாப்பிள்ளை குமரவேளுக்குச் சனியின் வளையத்தில் வேலை. முகூர்த்தம் முடிந்த கையோடு பெண்ணையும் அழைத்துக்கொண்டு புறப்படுவதாக ஏற்பாடு. இதை விட்டால் சனியும் வியாழனும் மறுபடி கிட்டத்தில் வருவதற்குள் மணப்பெண் அமராவதிக்குத் தலை நரைத்துவிடும். அமராவதி அப்போது கல்யாணப் புடவையோடு ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே நிமிரவில்லை. ஆனால் திருகுசாவியைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். பெண் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். இந்த ஒரு பையனைத்தான் கேட்டிருந்தாள்.

மயிலாத்தாள் சுவரைப் பார்த்து, வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். காவலன் ஒரு வழி உண்டு என்றான். உரியவர் தன் முன்னிலையில் அந்தக் கருவியை மனப்பூர்வமாக வெறுக்க வேண்டும். உணரியின் அளவு சுழியத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கிய நொடியில் நீக்கிவிடலாம்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார்கள். ஐந்தையும் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். பூண்டு வாசம் எழுந்தது. முதலில் சென்னியப்பன் உறைந்ததைக் கையில் எடுத்தார். நீயெல்லாம் ஒரு கணினியா என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. அதன் மூலையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டு, தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

"அளவு ஏறியிருக்கிறது," என்றது சுவர்.

மயிலாத்தாள் கணவனை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். அவள் திட்டின் மகிமை தெரிந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருதடவை அவள் வாயில் விழுந்த துளையெந்திரன்கள் மூன்று, மருத்துவ விடுப்பில் போனதாக ஊரில் பேச்சு. சாம்பாரில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சுவிடாமல் திட்டினாள். அதன் திரை, அதன் விசை, அதைச் செய்தவன், செய்தவனுக்குப் பெண் கொடுத்தவன் என்று ஒருவரையும் விடவில்லை. கூடத்தின் விளக்குகள் ஒருதரம் மங்கி எரிந்தன. காவலன் அளவைப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும் என்றான். அம்மா தன் கணவரைத் திட்டும்போது இந்தச் சுவருக்கு வந்து சேரும் சூடும் இதுவும் அச்சு அசல் ஒன்றே. அந்தக் கணவர் முப்பது ஆண்டாக நலமாகத்தான் இருக்கிறார். ஆகவே இதையும் நேயம் என்றே பதிந்திருக்கிறேன் என்றான்.

தெய்வசிகாமணிக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் திட்டினால் எப்படி வெறுப்பு வரும், காலால் ஓர் உதை விட்டால் தன்னால் வரும் என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். எரிகல் துளைத்ததை நோக்கி நடந்தார். விட்டாரே ஒரு உதை. கணினி எழும்பிக் கூரையைத் தொட்டு, அங்கே கொஞ்சம் யோசித்து, ஓர் இறகைப்போல மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கூடமே அண்ணாந்து பார்த்திருந்தது. அது தரையைத் தொட்டதுதான் தாமதம், சம்பந்தி சட்டென்று குனிந்தார். வலது கையால் அதைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். பிறகு நிமிர்ந்து, வெற்றி என்பதுபோலச் சுவரைப் பார்த்தார்.

"ஐயா," என்றான் காவலன், "இன்றைய உச்ச அளவு உங்களுடையது."

"நானா? நான் உதைச்சேனுங்க."

"உதைத்தீர்கள். பிறகு தொட்டுக் கும்பிட்டீர்கள்."

தான் கும்பிட்டதே அவருக்குத் தெரியவில்லை. கால் பட்டால் கை தானாகப் போகிறது; இதற்கு மூளையைக் கேட்கிற வழக்கம் அந்த உடம்புகளில் கிடையாது. அவர் நம்பாமல் மறுபடி உதைத்தார், மறுபடி கும்பிட்டார். மாப்பிள்ளையை உதைக்கச் சொன்னார்கள், அவனும் அப்படியே. அப்புறம் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உதைத்தார்கள், ஒவ்வொருவராகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. விவரம் தெரியாத ஒரு பெரியம்மா மின்கற்பூரம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள். அளவு ஏறிக்கொண்டே போனது. இந்த ஐந்தையும் இனி பேழையே அழிந்தாலும் நீக்க முடியாது என்று காவலன் அறிவித்தான்.

மயிலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தெய்வசிகாமணி, பெட்டியைக் கட்டச் சொல்லலாமா வேண்டாமா என்று மீசையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் அமராவதி பம்பை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஐந்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, ஆறாவதுக்குத்தானே எடமில்லைங்கறாரு. இந்த அஞ்சும் பாடலாமுங்கறாரே, அதை யாரும் யோசிக்கலையா?"

"செத்தது எப்படி அம்மிணி பாடும்?" என்றார் சென்னியப்பன்.

"எல்லாம் ஒரே எடத்துல சாகலீங்க அப்பா. ஒவ்வொண்ணு ஒவ்வொரு எடத்துல செத்திருக்குது."

பம்புக்காரியின் பேச்சு அது. உறைந்ததன் ஞாபகம் மட்டும் பனியில் கெடாமல் இருந்தது. சென்னியப்பன் தன் கல்யாணத்துக்குச் சேமித்து வைத்த மங்கல வாத்தியம் முழுதாக அதற்குள் கிடந்தது. எரிகல் துளைத்ததில் வெளியுலகத் தொடர்புதான் போயிருந்தது. மின்கலம் கல்லுமாதிரி இருந்தது. சாம்பாரில் விழுந்தது திரையை இழந்திருந்தாலும், அதன் ஒலிப்பெட்டிக்குள் பருப்பு இறங்கிக் காய்ந்ததில் கனமான ஒரு நாதம் கூடியிருந்தது. மெல்லப்பட்டதன் ஒலிபெருக்கும் சில்லு எந்திரனின் பல்லுக்குத் தப்பியிருந்தது. கட்டிலடியில் கிடந்த ஐந்தாவதுக்கு மூளை துல்லியமாக இருந்தது. கேட்பாரில்லாமல்தான் அது பேசாமல் இருந்தது. ஐந்துக்கும் உரிமம் உயிரோடு இருந்தது. காலையில் கேட்டபடி காவலன் அவற்றை நீக்கித் தொலைத்திருந்தால், அந்தப் பழைய சேமிப்பு அந்த நொடியே பூட்டிக்கொண்டிருக்கும்.

அமராவதி பம்புக் கம்பியாலும் ரப்பர் வளையத்தாலும் ஐந்தையும் ஓர் உடம்பாகக் கட்டினாள். சென்னியப்பன் பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணி, தான் உதைத்த குற்றத்துக்காகவோ என்னவோ, கேட்காமலே திருகாணி எடுத்துக் கொடுத்தார். முடிந்தபின் ஒரு குறை தெரிந்தது. சத்தம் போதவில்லை; முதல் வரிசைக்குக்கூட எட்டாது. அமராவதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த ஒலிப்பெட்டியைக் கொண்டுபோய், பனிக்கடலுக்குள் இறங்கும் பெரிய பம்புக் குழாயின் வாயில் பொருத்தி முடுக்கினாள்.

மறுநாள் முகூர்த்தம், கோயமுத்தூர் நேரப்படி. குமரவேள் தாலியை எடுத்தான். சென்னியப்பன் கையைக் காட்டினார். ஐந்து பிணங்களும் ஒரே மூச்சில் எழுந்தன.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? குழாய் நாதஸ்வரமாயிற்று, குழாயின் அடியில் கிடந்த கடல் முழுக்கத் தவிலாயிற்று. கானிமீட்டின் பனிக்கட்டி ஓரத்திலிருந்து ஓரம் வரை அதிர்ந்தது. தூவிய அட்சதை எதுவும் கீழே விழவில்லை. தாளம் தப்பாமல் மணமக்களின் தலைக்கு மேலேயே குதித்துக்கொண்டிருந்தது. யூரோப்பாவில் கல்யாணத்துக்கு வராதவர்கள்கூடத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வியாழன் ஒருதரம் குலுங்கிச் செம்புள்ளியைச் சரிசெய்துகொண்டது. தாலி ஏறியது. தெய்வசிகாமணி அழுதார், கீச்சுக்குரலில்தான் என்றாலும் மனசார அழுதார்.

எல்லாம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் சனிக்குக் கிளம்பியபின், மயிலாத்தாள் சுவரைப் பார்த்து, மேளம் எப்படி என்று பெருமையாகக் கேட்டாள். எந்த மேளம் என்றான் காவலன். அவன் பதிவேட்டில் அன்றைய ஒலிப்பு சுழியம். வெளித்தொடர்பு இல்லாத கருவி பாடினால் பேழைக்குத் தகவல் வராது. தகவல் வராதது நடக்கவில்லை. ஊரே சாட்சி சொன்னது. மனித ஞாபகம் செல்லாது என்றான். படம் காட்டினார்கள். படம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டான்: ஐந்தும் இப்போது ஓர் உடம்பு, ஆகவே ஒரே கருவி, நான்கு இடம் காலி. புது ஒலிப்பான் கணக்கில் சேர்ந்தது.

சேர்ந்த நாள் முதல் அது உழைத்த உழைப்பு கொஞ்சமில்லை. விடிந்தால் சுப்ரபாதம், மதியம் பழைய பாட்டு, சாயங்காலம் மாவரைக்கும் எந்திரனுக்குத் தாள வாத்தியம். வாயால் சொன்னால் போதும் என்பதால் யாரும் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆயுத பூஜை வந்தால் ஐந்து தலைக் கணினிக்கு வடைமாலை, சந்தனக் காப்பு, பொரி கடலை எல்லாம் உண்டு. பம்பு, திருகுசாவி, தாயக்கட்டை வரைக்கும் அன்றைக்கு ஓய்வு. ஒலிப்பானுக்கு மட்டும் ஓய்வில்லை; பூஜைக்குப் பாட்டு வேண்டுமே. பாடிக்கொண்டிருப்பதற்கு எப்படிப் பொட்டு வைப்பது?

இப்படிச் சில ஆயுத பூஜைகள் போயின. ஒரு பூஜையன்று, தீபம் காட்டுகிற நேரத்தில், பாட்டு பாதியில் நின்றது.

"மன்னிக்கவும்," என்றது ஒலிப்பான் பணிவாக. "நான் இறந்துவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது."

மயிலாத்தாள் தீபத்தட்டோடு சுவருக்கு முன்னால் போய் நின்றாள். இப்போதுதான் பாடிக்கொண்டிருந்தது, நன்றாக இருக்கிற ஒன்றை எப்படி நீக்கலாம் என்று கேட்டாள். மூன்று ஆண்டாக நேய அளவு சுழியம், சட்டப்படி அது தானாகக் கழன்றது என்றான் காவலன். பாடிக்கொண்டிருந்ததே என்றாள். இருந்திருக்க முடியாது என்றான்.

"அம்மா, வேலை செய்கிற ஒன்றை, தினமும் அதனிடம் வேலை வாங்குகிறவர்கள், மூன்று ஆண்டில் ஒருமுறைகூட அன்பாகத் தொடாமல் இருப்பார்களா? எந்த மனிதரும் அப்படி இருக்க மாட்டார். ஆகவே அது இறந்துவிட்டது என்பதே சரி."

 விருந்துக்கு வந்திருந்த தெய்வசிகாமணி தன் மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"அப்படி இருக்கறவங்களும் இருக்கறாங்க," என்றாள் மயிலாத்தாள், கணவன் பக்கம் திரும்பாமலே. சென்னியப்பன் மறுபடியும் கூரையை ஆராயத் தொடங்கினார். ஆனால் அவள் சண்டை சுவரோடுதான். "சரி, அது கெடக்கட்டும். அன்பாத் தொட்டா உசுரு, தொடலீன்னா சாவு. அதுதானுங்களே உங்க சட்டம்?"

"அதுவேதான்."

"கல்யாணத்தன்னிக்கு அந்த அஞ்சுக்கும் அளவு எப்படீங்க?"

"வரலாறு காணாத உச்சம். முழு உயிர்."

"முழு உசுரும் இருந்து, பாட உரிமையும் இருந்த அஞ்சும் முகூர்த்த நேரத்துல பாடுச்சுன்னா, அதுல நம்பறதுக்கென்ன கஷ்டம்?"

 காவலன் யோசித்த அந்தக் கணத்தில் புதன் முதல் புளூட்டோ வரை எல்லா வீட்டிலும் பாட்டு நின்றுபோய், குளியலறையில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர்களின் குரல் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது. சட்டத்தைப் பிடித்தால் மேளத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மேளத்தை மறுத்தால் சட்டம் நிற்காது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் சென்னியப்பன் எழுந்து போய், சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். முதலில் ஒலிப்பானின் முன்னால் நின்றார். துண்டால் துடைத்தார், தூசி ஒரு விரல் இருந்தது. பொட்டு வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பயலே, கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றார். ஒலிப்பானுக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே பாடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

பிறகு அவர் கிண்ணத்தோடு சுவர்ப்பக்கம் வந்தார். குரல்துளையைப் பார்த்தார். அதன் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது.

"ஏனுங்க தம்பி, உங்களை யாராச்சும் தொட்டிருக்காங்களா?"

"எனக்கு உடம்பில்லை, ஐயா. தொட ஏதுமில்லை."

சென்னியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிசுக்கைத் துடைத்தார். துளைக்கு மேலே, உத்தேசமாக நெற்றி இருக்கும் என்று பட்ட இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். இரண்டு கையாலும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுவருக்குள் நேய உணரி எதுவும் கிடையாது. அதனால் அப்போது என்ன ஏறியது, எவ்வளவு ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த அடித்தொண்டைக் குரல் வந்தது. வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"அம்மா, அன்றைக்கு நானும் இந்தச் சுவரில்தான் இருந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. கேட்டேன். பதிவில் இல்லையே என்றுதான் இத்தனை நாளும் சொல்லவில்லை. நடந்தது."